கடித்ததாகச் சொல்லப்படும் நாயின் உரிமையாளர் கவனத்துக்கு

ஒரு நூலின் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் விதி. அவற்றில் இன்றியமையாத நான்கை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். நுதலிய பொருள்: நம் நாய் ஒருவரைக் கடித்துவிட்டது என்று வாசலில் ஆள் வந்து நிற்கும்போது செய்யத் தக்கனவும் தகாதனவும். எல்லை: மேற்கே கொல்லிமலை, தெற்கே துறையூர், கிழக்கே பெரம்பலூர்ச் சமவெளி, வடக்கே சேலம் மாவட்டம், இவற்றுக்கு நடுவே கிடக்கும் பச்சைமலை. கேட்போர்: நாய் வளர்ப்பவர், மற்றும் வளர்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு சோறு போடுபவர். பயன்: ஆறு மாதம். அது எந்த ஆறு மாதம் என்பது பின்னால் வரும்.

பச்சைமலையை எல்லையாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்த வழக்கு சப்பென்று முடிந்துவிடும். கேட் இருக்கிறது, எதிர்வீட்டு மாடியில் சிசிடிவி கேமரா இருக்கிறது. கடித்தது எந்த நாய், யாருடைய நாய், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோகும். வாதாடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மலையில் டாப் செங்காட்டுப்பட்டியைத் தாண்டினால் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் அபூர்வம். வாசல் எங்கே முடிகிறது, வழி எங்கே தொடங்குகிறது என்பதில் வீட்டுக்காரருக்கு ஒரு கருத்தும் நாய்க்கு ஒரு கருத்தும் உண்டு. மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்காமல் பார்ப்பதும் பலாமரத்திலிருந்து குரங்கை விரட்டுவதும் நாயின் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மங்களம் அருவிக்கு பைக்கில் வருகிறவர்கள் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள் என்று அதற்கு யாரும் எழுத்துமூலம் தெரிவித்ததில்லை.

மலையில் கோம்பை என்றும் ஓர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டதும், ‘இது கோம்பை நாயா?’ என்று விசாரிக்கும் பயணிகள் இருக்கிறார்கள். அந்தக் கோம்பை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே வாசலில் படுத்திருப்பது கோம்பையும் இல்லை, ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை, கன்னியும் இல்லை, அது மணி.

நாயின் மேல் குற்றம் சாட்டுவது தொன்மையான கலை. மகாபாரதம் ஆதி பர்வத்திலேயே அதைத் தொட்டுவிடுகிறது. ஜனமேஜயன் வேள்வி செய்த இடத்துக்கு வந்த நாய்க்குட்டியை அவன் தம்பிமார் அடித்து விரட்டினார்கள். அதன் தாய் சரமை நேரே வந்து கேட்டாள்: என் பிள்ளை அவிசைப் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை, எதற்காக அடித்தீர்கள்? அவர்கள் வாய் திறக்கவில்லை. சாபம் கிடைத்தது. அதே பர்வத்தில் இன்னொரு நாய், ஏகலைவனைப் பார்த்துக் குரைத்த குற்றத்துக்காக வாயில் ஏழு அம்பு வாங்கியது. மகாபாரதத்தில் நடக்கும் அத்தனை கொலைகளில் ஒன்றிலும் நாய்க்குச் சம்பந்தம் இல்லை என்பதை எதிர்த்தரப்பு வக்கீல்கள் குறித்துக்கொள்ளலாம்.

நாய் வாதியாக வந்த வழக்கும் இருக்கிறது. ராமாயண உத்தர காண்டத்தின் சில பிரதிகளில், தலையில் அடிபட்ட நாய் ஒன்று ராமன் சபைக்கு வந்து, அடித்த பிராமணன் மேல் புகார் சொல்கிறது. என்ன தண்டனை வேண்டும் என்று அதையே கேட்கிறார்கள். இவரைக் காலஞ்சரத்தில் மடத்தலைவராக நியமியுங்கள் என்கிறது நாய். யானைமேல் ஏற்றி அனுப்பிவைத்தபின், இது தண்டனையா வெகுமதியா என்று சபையில் குழப்பம். போன பிறவியில் அந்தப் பதவியில் இருந்தது நான்தான் என்று நாய் விளக்கம் தந்தது. நிர்வாகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவான கருத்து அதற்குப் பிறகு எந்தச் சாட்சியிடமிருந்தும் வரவில்லை.

கடித்ததற்காகவே கல்லில் இடம்பெற்ற நாயும் தமிழ்நாட்டில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், சண்டையில் விழுந்த வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. திருட வந்தவர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது அங்கே வெட்டியிருக்கும் செய்தி. திருட வந்தவர்கள் தரப்பு வாக்குமூலம் கல்லில் இல்லை.

மேல்நாட்டார் இந்த விஷயத்தில் நம்மைவிட முறையானவர்கள். விலங்குகள் மேல் நடந்த வழக்குகளைத் திரட்டி ஈ. பி. எவன்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் ஆஸ்திரிய நாய் ஒன்று வருகிறது. முரசு அடிப்பவர் ஒருவரின் நாய் அது. நகராட்சி உறுப்பினரைக் காலில் கடித்துவிட்டது. நாய் செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி, முரசடிப்பவர் அதை நீதியின் கையில் ஒப்படைத்தார். அவரை விட்டுவிட்டு, நாய்க்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் கூண்டுச் சிறை விதித்தார்கள். இந்த ஒப்படைப்பு ரோமானியச் சட்டத்திலேயே உண்டு: விலங்கின் சொந்தக்காரர் நஷ்டஈடு கொடுக்கலாம், அல்லது விலங்கையே கொடுத்துவிடலாம். பச்சைமலையில் இன்றைக்கும் இது வழக்கில் இருக்கிறது. ‘வேணும்னா நாயப் புடிச்சிக்கிட்டுப் போங்க’ என்பது அதன் வாசகம். அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு போனவர் யாரும் இல்லை.

இனி, சான்று. மணிமேகலையில் அளவைவாதி அறியும் வழிகளை அடுக்குகிறான். வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. நாய்க்கடிக்கு மூன்று போதும். முதலாவது காட்சி. இது பெரும்பாலும் கிடைக்காது. கடி விழுந்தது கெண்டைக்காலில், கடிபட்டவர் கண் இருந்தது ஓடுகிற திசையில். இரண்டாவது கருதல்: காயம் இருக்கிறது, பக்கத்தில் நாய் இருக்கிறது, ஆகவே நாய் கடித்தது. பக்கத்தில் முள்வேலியும் சூடான சைலன்சரும்கூட இருந்தன என்பதை நாயின் தரப்பில் எழுப்பலாம். ஆனால் நான்கு குழி ஒழுங்காகப் பதிந்திருக்கும்போது சைலன்சரைப் பற்றிப் பேசுவது மரியாதையாக இருக்காது. மூன்றாவது ஐதிகம். இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதால் தெளிவது என்று அளவைவாதி இதற்கு உதாரணம் காட்டுகிறான். ‘அந்த வூட்டு நாயா? அது கடிக்கும்ங்க’ என்று டீக்கடையில் சொல்லப்படுவது இந்த வகை. மலையில் மற்ற எல்லா அளவையும் இதற்குக் கீழே.

இங்கிலாந்தின் பொதுச் சட்டமும் ஐதிகத்தின் பக்கம்தான் நின்றது. நாய் கடிக்கும் குணமுள்ளது என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அவர் பொறுப்பு, தெரியாதென்றால் இல்லை. ஆகவே எந்த நாய்க்கும் முதல் கடி இலவசம் என்று அங்கே பேச்சு வழக்கானது. ஆடு மாடுகளுக்காக மட்டும் 1865இல் சட்டம் போட்டு இந்த நிபந்தனையை நீக்கினார்கள். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இதிலிருந்து பலகையைப் பற்றி ஒரு சிக்கல் எழுகிறது. ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று எழுதி மாட்டுகிறவர், தம் நாயின் குணம் தமக்கு முன்பே தெரியும் என்று எழுதிக் கொடுத்தவர் ஆகிறார், கையெழுத்துதான் பாக்கி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயில், ஒரு வீட்டின் வாசலில் சங்கிலி கட்டிய நாயின் உருவத்தோடு இதே எச்சரிக்கை லத்தீனில் பதித்திருக்கிறது. அந்த நாய் பிற்பாடு யாரையும் கடித்திருக்க வாய்ப்பில்லை. ஸ்ரீரங்கத்தில் நாயே இல்லாத வீடுகளிலும் பலகை உண்டு. பச்சைமலையில் நாய் உண்டு, பலகை இல்லை. நான் மலைக்காரர் பக்கம்.

அடுத்தது உரிமையாளர் வாக்குமூலம். வாசலில் ஆள் வந்து நின்றதும் அது கீழ்க்கண்ட வரிசையில் வெளிப்படுகிறது:

“எங்க மணி கடிக்காதுங்க.”

“அது பாட்டுக்கு இருந்தா கடிக்காது.”

“வெளாட்டுக்குக் கவ்வியிருக்கும்.”

“பல்லு படல, நகம்தான் பட்டிருக்கு, நல்லா பாருங்க.”

“நீங்க எதுக்குத் தம்பி ஓடுனீங்க?”

“மொதல்ல அது எங்க நாயே இல்லைங்க. சோறு மட்டும் போடுவோம்.”

ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்ததை வெட்டிக்கொண்டு போவதைக் கவனிக்க வேண்டும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மணி அவர் காலில் உரசிக்கொண்டு நிற்கும். நான்காவது வாக்கியத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு: நகமா பல்லா என்ற தகராறில் இரண்டு குடும்பங்கள் ஒரு தலைமுறை பேசாமல் இருக்க முடியும், டாக்டருக்கு அதில் அக்கறை இல்லை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், அது நகக்கீறல் ஆனாலும் பல் பதிந்த காயத்தோடு ஒரே வகையில்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஆறு வாக்கியங்களையும் விட்டுவிட்டு, ‘உள்ள வாங்க, காலக் கழுவுங்க’ என்று சொல்வது நல்லது. இதை வைத்து நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எந்த நீதிமன்றமும் சொல்லாது. சமவெளியிலிருந்து வரும் வக்கீல் சொல்லலாம்.

இப்போது அந்த ஆறு மாதம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தக்க ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. ஆறு மாதம் அப்படியே இருக்கிறது, அபராதம் ஐயாயிரம். 1860இல் ஆயிரம் ரூபாய் இருந்தவர் பச்சைமலையில் எதை வாங்க முடியாது என்று யோசித்தால், தண்டனை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது விளங்கும். சட்டம் கடித்ததைத் தண்டிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அது தண்டிப்பது கட்டாமல் விட்டதை. அர்த்தசாஸ்திரமும் இதே போக்குதான்: கொம்போ பல்லோ உள்ள தன் விலங்கு ஒருவரைத் தாக்கும்போது விடுவிக்காமல் நின்ற சொந்தக்காரருக்கு அபராதம், தாக்கப்பட்டவர் கூப்பிட்டும் வரவில்லை என்றால் இரண்டு மடங்கு. திண்ணையிலிருந்து எழாமலே ‘ஒண்ணும் செய்யாது, வாங்க’ என்று சொல்லும் பழக்கமுள்ளவர்கள் கௌடில்யரை ஒருமுறை படிப்பது நல்லது.

குற்றம் சாட்ட வந்தவரும் சட்டம் படிக்க வேண்டும். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு வரும். ஐந்து ஆண்டு வரை. ஆக, நாயைக் கட்டாதவருக்கு ஆறு மாதம், நாயைக் கொன்றவருக்கு அதைப்போலப் பத்து மடங்கு. இந்தக் கணக்கை வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம். சொன்ன இடங்களில் பலன் நன்றாக இல்லை.

நஷ்டஈட்டுக்கு வாய்ப்பாடு ஒன்று வடக்கே கிடைக்கிறது. பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றும், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. முழுவாயும் பதிந்தால் 4,20,000 ரூபாய்; சாதாரணமாகக் கோரைப்பல் நான்குதான் பதியும் என்பதால் 40,000. இந்தத் தீர்ப்பு தெருவில் திரியும் விலங்குகளுக்கானது, கொடுக்க வேண்டியது அரசு, பச்சைமலையைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆனால் செல்போனில் இதைப் படித்துவிட்டு வருகிறவர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார் என்பதால், மீதியைத் தெரிந்துவைத்துக்கொள்வது உரிமையாளர் கடமை. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, 22ஆம் தேதி கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து எடுத்த இடத்திலேயே பெரும்பாலானவற்றை விடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவுகளும் தெருநாய் பற்றியவைதான். மணி தெருநாயா என்ற கேள்விக்கு அவற்றில் விடை தேட வேண்டாம். மலையில் தெரு என்பதே தர்க்கத்துக்குரிய பொருள்.

உப்பிலியபுரம் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்குவது ஒரு வழி. ஊர்க்கவுண்டரையும் நாலு பெரியவர்களையும் வைத்துப் பேசுவது இன்னொரு வழி. பேச்சு 40,000த்தில் தொடங்கி வைத்தியச் செலவில் நிற்கும். நடுவில் மூன்று வருஷத்துக்கு முந்தைய வரப்புத் தகராறு எழுந்து வரும். நாய் அதில் சாட்சியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, தூங்கப் போய்விடும்.

வாசலில் இப்போதே ஆள் நிற்கிறார் என்றால் நீங்கள் முதலில் படிக்க வேண்டிய பகுதி இதுதான். சாத்திர நூல்களில் பயனுள்ளதைப் பின்னால் வைப்பது மரபு.

காயத்தை ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிய, இரண்டு தரப்பும் ஒன்றும் பேசாமல் குழாயடியில் நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள், காப்பிப்பொடி, எருக்கம்பால் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. பிறகு அன்றைக்கே ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துறையூர் அரசு மருத்துவமனையிலோ. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இன்னும் உண்டு. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 1902இல் ஓர் ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடியில் இறந்ததை அடுத்து நன்கொடை திரட்டி 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அந்த மருந்தைப் பல காலம் தயாரித்தது. 2004இன் முடிவோடு இந்தியாவில் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில் தோலுக்குள் போடுகிறார்கள். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். டாக்டர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் முதல் ஊசி பூஜ்யமாம் நாள். அதை நாளைக்கு என்று அர்த்தப்படுத்தக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். ரேபிஸ் நோய்க்குறி தோன்றிவிட்டால் அதன்பின் வைத்தியம் இல்லை. ஆகவே மணிக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது என்று காட்டி ஊசி வேண்டாம் என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024இல் இந்த நாட்டில் பதிவான நாய்க்கடி 37 லட்சத்துக்கும் மேல். அத்தனை வாசலிலும் ஒருவர், ‘எங்க நாய் கடிக்காதுங்க’ என்று சொல்லியிருப்பார்.

அடுத்த பத்து நாள்தான் இந்த நூலின் உயிர்நிலை. கிருமி நாயின் எச்சிலில் வந்துவிட்டது என்றால் அது சில நாட்களில் நோயாக வெளிப்பட்டு நாய் செத்துவிடும். கடித்த பத்தாம் நாள் நாய் ஆரோக்கியமாக நின்றால், கடித்தபோது எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். மீதி ஊசிகளைப் பற்றி டாக்டர் முடிவு சொல்வார். எனவே நாயைக் கொன்றுவிட்டால் போனது ஒரே சாட்சி. குழந்தைகளிடமிருந்து தள்ளிக் கட்டி, சோறும் தண்ணீரும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாப்பிடாமல் இருந்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் ஒழுகினாலோ, பின்னங்கால் தளர்ந்தாலோ, கண்டதைக் கடித்தாலோ உடனே சொல்ல வேண்டும். எப்போதும் குரைக்கிற நாய் திடீரென்று சாதுவாகி இருட்டில் போய்ப் படுத்தாலும் அது திருந்திவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பத்து நாளில்தான் கட்சிகள் இடம் மாறுகின்றன. நாயைத் தொலைத்துவிட வேண்டும் என்று நேற்று கத்தியவர், இன்று காலை விடியுமுன் வந்து நிற்கிறார்.

“என்ன மாமா, இந்நேரத்துக்கே?”

“ஒண்ணுமில்ல மாப்ள. மணி சாப்டுச்சா?”

“ரெண்டு தட்டு.”

“இன்னும் கொஞ்சம் போடு. பாத்தா எளைச்ச மாதிரி இருக்கு.”

கடிபட்டவர் திருச்சிக்காரர் என்றால் தினமும் போன் வரும். நாயைக் காட்டச் சொல்வார். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மணியைக் கயிறு கட்டி நடத்திப்போய் வீடியோவில் காட்ட வேண்டியது உரிமையாளர் கடமை. நேற்று எடுத்ததை அனுப்பிவிட்டதாகச் சந்தேகம் வராமல் இருக்க, அன்றைய தினத்தந்தியை நாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். நாயின் ஆயுளுக்காக இவ்வளவு மனமார வேண்டிக்கொள்ளும் இன்னொரு மனிதர் அதற்கு வாய்க்கப்போவதில்லை. வளர்த்தவர்கூட இந்த விஷயத்தில் இரண்டாம் இடம்தான்.

பத்து நாள் முடிந்தபின் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. மணியைக் கீழே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அட்டையில் தேதி எழுதி வாங்க வேண்டும். வருஷா வருஷம் திருப்பிப் போட வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற கண்டக்டர் சம்மதிக்க மாட்டார். சோபனபுரம் வழியாக இறங்கும் மரவள்ளி வேனில் சொல்லிவைக்கலாம். வாயைக் கட்டி, கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு ஏற்றும்போது டிரைவர் திரும்பிப் பார்த்து, ‘கடிக்குமாண்ணே?’ என்று கேட்பார். சட்டப்படி இது சாதாரணக் கேள்வி இல்லை. பதில் சொல்வதற்கு முன் இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றிய பகுதியை இன்னொருமுறை பார்த்துக்கொள்ளவும்.